கதவுக்கு வெளியே அம்மிச்சி

2011இல் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பிரசவ அறைக்குள் நுழைந்த அரை மணியில் எனக்கு வலி நின்றுபோனது. அன்னூரிலிருந்து காரில் வரும்போது ஏழு நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த வலி. பின்சீட்டில் அம்மிச்சி என் இடுப்பை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டே, "மூச்ச உடு கண்ணு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். வாசலிலேயே அவரை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் அலறினாள். "அப்ப மட்டும் இனிச்சுதா? கத்தாதே" என்று அவளை அதட்டிய குரல் எனக்கும் சேர்த்துத்தான். பிறகு என்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு ஒத்துழைக்கவே மாட்டேங்குது" என்றது அதே குரல்.

பல வருடம் அதை நம்பினேன். பயந்த உடம்பில் அட்ரினலின் சுரக்கும், அது கருப்பைத் தசையைத் தளர்த்தி வலியை நிறுத்திவிடக்கூடும் என்று பிறகுதான் படித்தேன். எங்கள் கட்டுத்தரையில் மாடு கன்று போடும்போது குழந்தைகளைக்கூட எட்டப் போகச் சொல்வார்கள். யாரும் மாட்டை அதட்டிப் பார்த்ததில்லை.

அப்புறம் ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசின் ஏற்றினார்கள். 1953இல் வின்சென்ட் டு விக்னோ ஆய்வகத்தில் உருவாக்கியது. 1955இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அந்த மருந்தை நான் குறை சொல்லவில்லை, பிரசவ ரத்தப்போக்கிலிருந்து எத்தனையோ பெண்களைக் காப்பாற்றுகிறது. ஆனால் உடம்பே சுரக்கும் ஆக்ஸிடோசின் மூளைக்குள்ளும் வேலை செய்து பயத்தைத் தணிக்கிறது. நரம்பில் ஏற்றுவதில் மிகச் சொற்பம்தான் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும். வலி ஏற ஏற எண்டார்பினும் ஏறும் என்கிறார்கள். மார்ஃபின் சென்று ஒட்டும் அதே இடங்களில் ஒட்டுகிற, உடம்பின் சொந்த மருந்து அது. எனக்குக் கருப்பை மட்டும் இறுகியது.

இதை வைத்து, வலியைத் தாங்குபவள்தான் தாய் என்று யாரும் கிளம்ப வேண்டாம். முதுகில் ஊசி கேட்கிற பெண்ணுக்கு அது கிடைக்க வேண்டும். கூடவே ஒரு துணையும். துணை இருந்தால் வலி மருந்தின் தேவை குறைகிறது, பிரசவ நேரமும் சற்றுக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைக்கு 2004லேயே அனுமதி வந்துவிட்டது. 2018இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது. பணம் கட்டிப் போன எனக்குத்தான் அது இல்லை.

மகள் பிறந்த பிறகு அம்மிச்சியை உள்ளே விட்டார்கள். மடியில் விளக்கெண்ணெய் பாட்டில், மூடி திறக்காமலே இருந்தது. குழந்தையைப் பார்க்கும் முன்னால் என்னிடம் கேட்டார்: "இடுப்ப ஆரு கண்ணு அமுக்குனாங்க?"

"ஆருமில்லீங் அம்மிச்சி."