கட்டும் இல்லை, மரமும் இல்லை

மகளைக் கடல் கடந்து மணம் முடித்துக் கொடுத்த பெற்றோர், என்றேனும் ஒரு நாள் தாமும் கடல் கடக்கவே வேண்டும். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்த நாள் எங்களுக்கும் வாய்த்தது. மருமகனுக்கு மொரீசியசுத் தீவில் வேலை. "தாத்தாவையும் அழைத்து வாருங்கள், அவர் இல்லாமல் நீங்கள் மட்டும் வரவேண்டாம்" என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

தாத்தா என்று அவள் சொன்னவர் எங்களில் ஒருவருக்குத் தந்தை, மற்றவருக்கு மாமனார். முப்பது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்ததில் அந்த வேற்றுமை மறைந்து, இருவருக்குமே அவர் 'அப்பா' ஆகிவிட்டார். வயது எண்பத்தொன்று. குமரிக் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்து, பதினான்கு வயதில் மரம் ஏறியவர். கட்டுமரத்தை எங்கள் கரையில் வெறுமனே 'மரம்' என்றுதான் சொல்வார்கள். 1974-ஆம் ஆண்டில், கச்சான் காற்று திடீரென்று முறுகிய ஒரு விடியற்காலையில், அவருடைய தம்பி சென்ற மரம் மட்டும் கரைக்கு வந்தது, தம்பி வரவில்லை. அந்த வாரமே அப்பா தம் மரத்தின் கட்டுகளை அவிழ்த்துத் தடிகளை விற்றுவிட்டு, குடும்பத்தோடு உள்நாட்டு நகரம் ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். சந்தையில் மீன் தரகு பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். அதன்பின் நாற்பத்தொன்பது ஆண்டுகள் அவர் கடல்நீரில் கால் நனைத்ததில்லை.

மொரீசியசில் எங்களுக்கு அந்நிய உணர்வு அவ்வளவாகத் தோன்றவில்லை. கையில் கிடைத்த ரூபாய் நோட்டிலேயே தமிழ் எழுத்துகள் இருந்தன. ஒரு சனிக்கிழமையன்று பாய்மரப் படகில் கடலுலா செல்லலாம் என்று மருமகன் சொன்னார். அப்படகுக்கு அங்கே 'கேட்டமரான்' என்று பெயர். நம் கட்டுமரம் என்னும் சொல்லே திரிந்து அப்படி ஆயிற்று என்பதை அகராதிகள் ஒப்புக்கொள்கின்றன. சோழமண்டலக் கரையில் இம்மரங்களைக் கண்ட ஆங்கில மாலுமி வில்லியம் டாம்பியர், 1697-இல் வெளியான தம் பயண நூலில் அப்பெயரைக் குறித்துவைத்தார். பிற்காலத்தில் அதே பெயர் இரட்டை உடற்படகுகளுக்கு இடப்பட்டது.

எந்தப் படகில், எந்தத் திசையில் செல்வது என்பதை முடிவு செய்ய எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. இத்தகைய உலாவை நாடும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் அதைச் சிறிது விரித்துச் சொல்கிறோம். அத்தீவைச் சுற்றிலும் பெரும்பகுதி பவளப் பாறைகள் அரண்போல் நிற்கின்றன. அவற்றுக்கு உட்பட்ட கடல் குளம்போல் அமைதியானது. அவற்றைத் தாண்டினால் பெருங்கடலின் அலை. வடக்கேயுள்ள சிறு தீவுகளுக்குச் செல்லும் படகுகள் பாறை அரணைக் கடந்தே ஆகவேண்டும்; முதியவர்களுக்கு அது உகந்ததன்று. கிழக்கே 'மான் தீவு' என்று பொருள்படும் இல் ஓ செர்ப் புகழ்பெற்ற இடம். ஆனால் ஆகஸ்டு அவர்களுக்குக் குளிர்காலம், தென்கிழக்குக் காற்று அப்பக்கத்தை ஓயாமல் அடிக்கும் காலம். மேற்குக் கரையோ மலைகளின் மறைவில் இருப்பது. ஆகவே மேற்கைத் தேர்ந்தோம்.

கடற்கரையில் ஒருவர் எங்களை நிறுத்திப் பாதி விலைக்கே சீட்டுத் தருவதாகச் சொன்னார். படகில் எத்தனை பேர், எல்லாருக்கும் மிதவைச் சட்டை உண்டா, உரிமமும் காப்புறுதியும் உண்டா என்று மருமகன் கேட்கவே, அவர் பேச்சை மாற்றினார். நாங்களும் நடையைக் கட்டினோம். இறுதியில் ஆட்கள் குறைவாக ஏறும், ஆரவார இசை இல்லாத சிறிய படகு ஒன்றை அமர்த்தினோம். காலையில் இலேசாக உண்ணவும், தலை சுற்றினால் தொடுவானையே நோக்கவும், குளிர்காலம்தானே என்று வெயிலை அசட்டை செய்யாதிருக்கவும் மகள் அறிவுறுத்தினாள்.

அப்பா வருவதாக இல்லை. "கரையில் சவுக்கு நிழலில் இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்" என்றார். ஆயினும் துறையில் படகைக் கண்டதும் மெல்ல அருகே சென்று, அதன் உடலை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தார்.

"இது என்ன மரம்?"

"மரம் இல்லை, தாத்தா. கண்ணாடி இழை" என்றார் மருமகன்.

"கட்டு எங்கே?"

"கட்டும் இல்லை. அச்சில் வார்த்தது."

"கட்டும் இல்லை, மரமும் இல்லை. பெயர் மட்டும் கட்டுமரமா?" என்று அப்பா சிரித்தார். சற்று நின்றவர், "இந்தப் பெயரைக் கேட்டபிறகும் ஏறாமல் நின்றால் என் தம்பி என்னைப் பார்த்துச் சிரிப்பான்" என்று சொல்லி, மகளின் தோளைப் பற்றிக்கொண்டு ஏறிவிட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கருப்பு ஆறு என்ற பெயருடைய அத்துறையிலிருந்து தெற்கே சென்றோம். இரண்டு உடல்கள் அகன்று நிற்பதால் படகு ஒருபுறம் சாய்வதில்லை. ஆழம் குறைந்த நீரிலும் செல்கிறது. முன்புறத்தில் இரு உடல்களுக்கும் நடுவே வலை கட்டியிருந்தார்கள். அதில் படுத்தால் கீழே பச்சை நீர் ஓடுவது தெரியும். நடுப்பகலில் பெனித்தியே தீவை அடைந்தோம். பிரெஞ்சு மொழியில் அச்சொல் பெருஞ்சிப்பியையும் குறிக்கும்; கோவில் வாயிலில் உள்ள தீர்த்தத் தொட்டியையும் குறிக்கும். அச்சிப்பியின் ஓட்டையே தொட்டியாக வைத்த வழக்கத்தால் சிப்பிக்கும் அப்பெயர் வந்தது. அங்கே சுட்ட மீனும் சோறும் உண்டோம்.

தெற்கே லெ மோர்ன் மலை செங்குத்தாக நின்றது. 556 மீட்டர் உயரம். ஓடிப்போன அடிமைகள் ஒருகாலத்தில் அதன் உச்சியில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1835-இல் அடிமை முறை ஒழிந்த செய்தியைச் சொல்லச் சென்ற காவலரைத் தங்களைப் பிடிக்க வந்தவர் என்று எண்ணி, அவர்கள் பாறையிலிருந்து குதித்து மாண்டதாக அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். 2008-இல் யுனெசுகோ அம்மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. மருமகன் இதைச் சொல்ல, அப்பா வெகுநேரம் மலையையே பார்த்திருந்தார். "நல்ல செய்தியும் சொல்கிறபடி சொன்னால்தான் நல்ல செய்தி" என்றார்.

திரும்பும்போது படகோட்டி இயந்திரத்தை நிறுத்திப் பாயை விரித்தார். திடீரென்று ஓசை அடங்கி, நீர் உரசும் ஒலி மட்டும் எஞ்சியது. அப்பா கண்களை மூடிக்கொண்டார். பிறகு, எதையோ எண்ணியவராய், "மரம் மூழ்காது. தண்ணீர் தடிகளின் இடுக்கில் ஏறி இடுக்கிலேயே வடிந்துவிடும். மனிதன்தான் மூழ்குவான்" என்றார்.

மருமகன் வியப்போடு எங்கள் பக்கம் திரும்பினார். "தாத்தா கடலுக்குப் போனவரா?"

எளிய கேள்வி, எங்களுக்கோ நா உலர்ந்தது. ஏனெனில் 2021-இல் மணப்பேச்சு நடந்தபோது, பெண்ணின் பாட்டனார் என்ன தொழில் செய்தார் என்று மருமகன் வீட்டார் கேட்க, "கடற்பொருள் வணிகம்" என்று நாங்கள் சொல்லியிருந்தோம். பொய் என்று சொல்ல முடியாத பொய் அது. படித்து, பதவி பெற்று, நகரத்தில் வீடு கட்டியவர்கள் நாங்கள். கட்டுமரம் என்ற சொல் அன்று எங்கள் வாயில் வரவில்லை.

ஒருவர் தயங்க, மற்றவர் சொன்னோம். யார் தயங்கினார், யார் சொன்னார் என்பது எங்களுக்குள் இருக்கட்டும். "ஆம், மாப்பிள்ளை. அப்பா கட்டுமர மீனவர். பதினெட்டு ஆண்டு மரம் ஓட்டினார். அன்று உங்கள் வீட்டில் நாங்கள் முழு உண்மையைச் சொல்லவில்லை."

மருமகன் மறுமொழி சொல்லவில்லை. எழுந்து போய்த் தாத்தாவின் அருகில் அமர்ந்து, "தடிகளை எப்படிக் கட்டுவீர்கள், தாத்தா?" என்று கேட்டார். அப்பா அங்கே கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்து, நடுங்கும் விரல்களால் முடிச்சுப் போடத் தொடங்கினார். இருமுறை நழுவியது, மூன்றாம் முறை நின்றது. பிரோக் என்னும் மரப்படகில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்த படகோட்டி அதை இழுத்துப் பார்த்து, அவிழவில்லை என்று கண்டு தலையசைத்தார். இருவருக்கும் பொதுவான மொழி ஒன்றும் இல்லை, தேவைப்படவும் இல்லை.

அன்றிரவு நாங்கள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் அப்படிச் சொன்னபோது நானும் அந்தக் கூடத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? நான் வாய் திறக்கவில்லையே!" என்றார். பிறகு, "மரத்தை முதலில் மறைத்தவன் நான். தம்பி பேரை வீட்டில் எடுக்கவேண்டாம் என்று சொன்னவனும் நான். பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தானே படித்தீர்கள்" என்றார்.

2004-ஆம் ஆண்டின் ஆழிப் பேரலைக்குப்பின் நம் கரைகளில் கண்ணாடி இழைப் படகுகள் பெருகின; கட்டுமரங்கள் அருகிவருகின்றன. உலகம் நம் சொல்லை எடுத்துத் தன் உல்லாசப் படகுக்குச் சூட்டிக்கொண்டது. அச்சொல்லுக்கு உரியவர்களாகிய நாமோ அதை உச்சரிக்கக் கூசினோம். முன்னோரின் தொழிலைப் பிள்ளைகளுக்கு மறைக்கும் வீட்டில், முன்னோரின் துயரமும் வீரமும் சேர்ந்தே மறைந்துபோகும்.

ஊர் திரும்பிய மறுமாதம் எங்கள் மகனுக்குப் பெண் பார்க்கத் தொடங்கினோம். குடும்ப விவரத் தாளில் பாட்டனார் தொழில் என்ற இடம் வந்தது. தாளை அப்பாவிடமே கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, பெரிய எழுத்தில் அவரே எழுதினார்: கட்டுமரம்.