பதில் வராத இருபத்திரண்டு நாள்

புனேயில், அவுந்த் பகுதியில் அறை எடுத்துத் தங்கி முனைவர் பட்டத்துக்கு உழைத்துவந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் ஆய்வேட்டின் இறுதி இயலை நெல்லைப் பக்கத்துப் பேராசிரியர் ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். இருபத்திரண்டு நாளாகியும் பதில் இல்லை. இயல் அவருக்குப் பிடிக்கவில்லை என்று முதலில் எண்ணினாள். பதில் எழுதும் தகுதிகூட அதற்கில்லை என்று பின்னர் முடிவுகட்டினாள். மூன்றாம் பகுதியை முழுவதும் நீக்கினாள். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மாலை பேராசிரியரே அழைத்தார். "என்னம்மா, மூன்று மடல் எழுதினேன். ஒரு வரி பதில் எழுதக்கூடாதா?" குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. "ஐயா, ஒன்றுகூட வரவில்லையே" என்றபடியே ஸ்பேம் பெட்டியைத் திறந்தாள். பரிசுச்சீட்டு அறிவிப்புகளுக்கும் போலி ஆய்விதழ்களின் அழைப்புகளுக்கும் நடுவே மூன்றும் கிடந்தன. முப்பது நாள் கடந்திருந்தால் அவை தாமாகவே அழிந்திருக்கும்.

தவறு அவளுடைய வசதியில் இருந்தது. நிறுவன முகவரிக்கு வருவதையெல்லாம் தன் சொந்த முகவரிக்குத் திருப்பிவிட்டிருந்தாள். ஒரு நிறுவனம் தன் பெயரில் மடல் அனுப்பத்தக்க கணினிகள் எவை என்று பொதுவில் பதிந்துவைக்கும் முறைக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். பேராசிரியரின் கல்லூரிப் பெயரைத் தாங்கிய மடலைப் புனேயிலுள்ள வழங்கி திருப்பி அனுப்பியபோது, அந்த வழங்கி கல்லூரியின் பட்டியலில் இல்லை, சோதனை தோற்றது. மடலோடு பயணம் செய்யும் டி.கே.ஐ.எம். என்னும் மறையீட்டுக் கையொப்பம் இருந்திருந்தால், வழியில் யார் கைமாற்றினாலும் அது செல்லுபடியாகியிருக்கும். கல்லூரி அதை அமைத்திருக்கவில்லை. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலுக்கு அனுப்புவோர் யாவரும் இவ்விரண்டில் ஒன்றையேனும், மொத்தமாக அனுப்புவோர் இரண்டையும் கொண்டிருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி.

மடலை ஏற்றுக்கொண்டேன் என்று 250 என்னும் எண்ணால் விடை சொன்ன வழங்கி அதைச் சேர்ப்பிக்க வேண்டும். இயலாவிடில் அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 அப்படித்தான் வகுத்திருக்கிறது. 550 என்று முகத்துக்கு நேரே மறுத்திருந்தால் பேராசிரியருக்கு அன்றே தெரிந்திருக்கும். ஸ்பேம் பெட்டியில் இடுவதோ கணினியின் கணக்கில் சேர்ப்பித்ததாகிவிடுகிறது. எழுதியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. நடுவிலிருந்த மௌனத்தை இருவரும் மனிதருடையதென்றே கொண்டார்கள்.

திருப்பிவிடும் ஏற்பாட்டை நீக்கி, நிறுவனப் பெட்டியை நேரடியாகவே கைபேசியில் இணைத்துக்கொண்டாள். மூன்று மடல்களையும் 'ஸ்பேம் அல்ல' என்று குறித்தாள். கல்லூரியின் கணினிப் பிரிவுக்கு டி.கே.ஐ.எம். பற்றி ஒரு கடிதம் போயிற்று.

பிறகுதான் மடல்களைப் படித்தாள். மூன்றாம் பகுதியே இயலின் உயிர் என்றும், அதை இன்னும் விரித்தெழுத வேண்டும் என்றும் இரண்டாம் மடலில் பேராசிரியர் குறித்திருந்தார். பழைய கோப்பைத் தேடி எடுப்பதற்குள் அன்று பின்னிரவாகிவிட்டது.