கொடுக்க மறந்த மஹர்

திருமணம் என்றவுடன் பெண்ணைப் பெற்றவரின் கவலையையே மேடைகளில் பேசுகிறோம். மகனைப் பெற்றவருக்கும் அந்நாள்களில் ஒரு கவலை வந்து சேரலாம். எம் மூத்த மகனின் நிக்காஹுக்கு முந்திய பத்து நாள்களில் யாம் பெற்ற படிப்பினையை மாணவச் செல்வங்களோடு பகிர்ந்துகொள்ள இம்மலரில் இடம் கிடைத்தமைக்கு மகிழ்கிறோம்.

காவிரிப் படுகையில் உள்ள சிற்றூர் எம்முடையது. சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பும்போதே வெள்ளையடிப்பவர் திண்ணையில் காத்திருப்பார். பிற்பகல் அழைப்பிதழ்களில் கழியும். எவரை நேரில் அழைப்பது, எவருக்கு அஞ்சலில் அனுப்புவது என்பதில் வீட்டினுள் பெரும் விவாதம் நிகழும். வலீமா விருந்துக்கு மூன்று மூட்டைச் சீரகச் சம்பா வேண்டும் என்பார் பண்டாரி; இரண்டே போதும் என்பார் எம் துணைவியார். இவற்றிற்கிடையே கணக்கேட்டைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பதே எம் பணியாயிற்று. பெண்வீட்டாரிடம் கைக்கூலி பெறுவதில்லை என உறுதி பூண்டிருந்தோம். அதில் எமக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

ஒருநாள் இரவு உணவின்போது ஜமாஅத் அலுவலகத்திலிருந்து ஆள் வந்தார். நிக்காஹ் பதிவேட்டில் எழுத மஹர் எவ்வளவு என்று கேட்டார். "மூன்று சவரன், என் சம்பளத்தில் சேர்த்தது" என்றார் மகன். அவர் சென்றபின் எம் பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு நீங்கள் எவ்வளவு கொடுத்தீர்கள் அத்தா?" என்று இயல்பாகக் கேட்டார்.

எம் கையிலிருந்த கவளம் வாய்க்கு எட்டவில்லை. அதற்குள் துணைவியார், "அதெல்லாம் எப்போதோ கொடுத்துவிட்டார்கள். நீ சோற்றைச் சாப்பிடு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. பழைய பெட்டியைத் திறந்து எம் நிக்காஹ் ஒப்பந்தத் தாளை எடுத்தோம். 1994ஆம் ஆண்டு. மஹர் இரண்டு சவரன் தங்கம். பின்னர்த் தருவதாகக் குறிப்பு. கீழே எம் கையொப்பம். அந்தப் 'பின்னர்' வரவேயில்லை. மாறாக, அவர் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வளையல்கள் இம்மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காக அடகுக்கடைக்குப் போய்த் திரும்பாமலே மூழ்கின.

பாத்திமா (ரலி) அவர்களை மணக்க அலீ (ரலி) அவர்கள் தம் போர்க்கவசத்தை மஹராக அளித்த வரலாற்றை வகுப்பில் எத்தனையோ முறை உருக்கமாக விளக்கியிருக்கிறோம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அத்திருமணத்தைத் தனிப் படலமாகவே பாடியிருப்பதையும் எடுத்துரைத்திருக்கிறோம். போதித்த நாவுக்கு எம் வீட்டுக் கடன் நினைவில் இல்லாமற் போயிற்று.

மறுநாள் இமாம் அவர்களிடம், "என் வீட்டார் ஒருநாளும் கேட்டதில்லை, மன்னித்துவிட்டார்கள் என்று கொள்ளலாமா?" என வினவினோம். அவர் சிரித்தார். "மன்னித்தேன் என்று அவர் சொன்னாரா? அல்லது கேட்காமல் இருந்தாரா?" என்றார். திருக்குர்ஆனின் 4ஆம் அத்தியாயமான அன்னிஸாவின் 4ஆம் வசனம், மஹரை மனமுவந்து கொடுக்குமாறு ஆண்களுக்குக் கட்டளையிடுவதையும், பெண்கள் தாமே மனம் விரும்பி அதில் எதையேனும் விட்டுத்தந்தால் மட்டுமே ஏற்கலாம் என அனுமதிப்பதையும் நினைவூட்டினார்.

அன்று சில ஆயிரங்களில் தீர்ந்திருக்கக்கூடிய கடன் இன்று இலட்சத்தைத் தாண்டி நிற்கிறது. அலங்கார வளைவையும் வண்ண விளக்குகளையும் நிறுத்தினோம். விருந்தையும் சுருக்கினோம், பண்டாரியின் மூன்று மூட்டை இரண்டாயிற்று. குறைந்ததற்குச் சேமிப்பிலிருந்து எடுத்தோம். நிக்காஹுக்கு முந்திய இரவு, ஒவ்வொன்றும் ஒரு சவரனில் இரண்டு வளையல்களை அவர் கையில் வைத்து, "உங்கள் மஹர், காலம் தாழ்த்தியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

நெடுநேரம் அவர் பேசவில்லை. "மறந்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்திருந்தேன்" என்றார் பிறகு. அந்தச் சொற்களில்தான் இத்தனை ஆண்டுகளின் மௌனத்திற்குப் பொருள் விளங்கியது. அவர் மன்னித்திருக்கவில்லை, காத்திருந்தார்.

ஒரு வளையலை அணிந்துகொண்டார். மற்றொன்றை, "இது நாளை வரும் பிள்ளைக்கு என் அன்பளிப்பு" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். தடுக்க எண்ணிய யாம் அடங்கினோம். உடைமை கைக்கு வந்த பின்னரன்றோ அதை வழங்கும் உரிமையும் ஒருவருக்கு வாய்க்கிறது!

நிக்காஹ் இனிதே நிறைவேறியது. மணமகன் மஹரை அவையிலேயே அளித்தார். எம் பெயரும் நிலைத்தது. ஆயினும் தந்தைக்கு வழிகாட்டியவர் மகனே என்பதை அவ்வவையில் அறிந்தோர் இருவரே.

இளைஞர்களே! கைக்கூலி வாங்காமை பாதி அறம். கொடுக்கவேண்டியதைக் கொடுப்பதே மீதி. வீட்டிலிருப்பவர் கேட்கவில்லை என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடுவதில்லை. உரியதை உரிய நாளில் வழங்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் வல்ல இறைவன் அருள்வானாக!