உப்பு தின்ற எர்த்

திங்கள்

கேரவன் டிரெய்லர் ஒன்று பட்டறைக்கு வந்திருக்கிறது. ஒற்றை அச்சு, இரண்டு சக்கரம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பூட்டிய எலெக்ட்ரிக் பிரேக். அதை இழுக்கும் பிக்கப்பையும் உரிமையாளர் கூடவே விட்டிருக்கிறார்.

“பிரேக் பிடிக்குதுண்ணா, ஆனா பத்தல. கேளம்பாக்கம் ரோட்டுல குழியில இறங்கி ஏறினா நல்லா பிடிக்குது. கொஞ்ச தூரம் போனா விட்டுடுது.”

“யார்கிட்டயாவது காட்டினீங்களா தம்பி?”

“காட்டினேண்ணா. கன்ட்ரோலர் போயிடுச்சுன்னு புதுசு போட்டாங்க. அப்பவும் அப்படியேதான் இருக்கு.”

அடுத்த மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை போகிறாராம். 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது டிரெய்லரின் எடை முழுவதும் பின்னாலிருந்து தள்ளும். பிக்கப்பின் பிரேக் மட்டும் அதைத் தாங்கினால் பாதி மலையிலேயே சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். வேலை முடியும்வரை வண்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்

இந்த பிரேக்கில் எண்ணெயும் கிடையாது, காற்றும் கிடையாது. டிரம்முக்குள் ஒரு மின்காந்தம். ஓட்டுநர் பிரேக்கை மிதித்ததும் கேபினில் இருக்கும் கன்ட்ரோலர் அதற்குக் கரண்ட் அனுப்பும். காந்தம் சுழலும் டிரம்மின் முகத்தில் ஒட்டி இழுபடும். அந்த இழுப்பில் ஒரு நெம்புகோல் நகர்ந்து ஷூவை விரிக்கும். காந்தத்துக்குச் சுமார் 4 ஓம் தடை, 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 6 ஆம்பியர் ஓட வேண்டும். ஓடியது மூன்றரைதான்.

பட்டறைப் பையன் மீட்டரை டிரெய்லர் பிளக்கில் வைத்துப் பார்த்து, “12 வோல்ட் வருதுண்ணா, வயர் நல்லாத்தான் இருக்கு” என்றான். பல பட்டறைகள் ஏமாறும் இடம் இதுதான். சுமை இல்லாதபோது அரித்துப்போன இணைப்பும் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனை சொற்பம். காந்தங்கள் இரண்டும் கரண்ட் கேட்கும்போதுதான் அந்த இணைப்பின் லட்சணம் தெரியும்.

அதனால் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பிரேக்அவே பின்னை உருவச் சொன்னேன். டிரெய்லர் வண்டியிலிருந்து அறுந்து ஓடினால் தானாக நிற்பதற்கான ஏற்பாடு அது; டிரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து நேராகக் காந்தத்துக்குக் கரண்ட் போகும். பின்னை உருவியதும் ஜாக்கியில் சுழன்றுகொண்டிருந்த சக்கரம் டக்கென்று நின்றது. இன்னொன்றும் அப்படியே. ஆக, காந்தம், ஷூ, டிரம் எல்லாம் சரி. டிரெய்லருக்குள் கரண்ட் திரும்பிவரும் எர்த்தும் சரி. பழுது வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில்.

பின்னைத் திரும்பச் செருகி, பிளக்கைப் பூட்டி, பையனைக் கன்ட்ரோலரின் கைநெம்பை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனை பிக்கப் பேட்டரியின் நெகடிவில், மறுமுனை டிரெய்லர் சேஸியில். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 5 வோல்ட். காந்தத்துக்குப் போக வேண்டியதில் 5 வோல்ட்டை எர்த் வழியிலேயே தின்றுகொண்டிருந்தது.

புதன்

பிக்கப்பின் பின்பக்க சாக்கெட்டைப் பிரித்தோம். ஏழு ஊசிகளில் எர்த் ஊசி மட்டும் முழுக்கக் களிம்பேறிப் பச்சையாக இருந்தது. வெள்ளை வயரின் ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு கருத்து, விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. ஒரு சாண் நீளத்துக்கு அப்படி. அதைச் சேஸியில் முடுக்கிய இடமும் பெயின்ட் மேல்தான், அடியில் துரு. குழியில் பிடித்ததற்கும் காரணம் கிடைத்தது. எர்த் வயர் செத்தபின் கரண்ட் இழுவைக் கொக்கியின் குண்டு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. வண்டி குலுங்கும்போது கிரீஸ் விலகி இரும்போடு இரும்பு தொட்டால் பிரேக் பிடிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும்.

எங்கள் பட்டறைக்கு ஒருபக்கம் கடல், மறுபக்கம் கேளம்பாக்கம் உப்பளம். இந்தக் கோவளத்துக் காற்றில் வெறும் செம்புக் கம்பி நிற்காது. வெள்ளீயம் பூசிய 4 சதுர மில்லிமீட்டர் வயரை பேட்டரி நெகடிவிலிருந்தே நேராக இழுத்தேன். லக்கை அமுக்கி, உள்ளே பசையுள்ள ஸ்லீவை மாட்டிச் சூடுகாட்டி மூடினேன். சேஸி பக்கம் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளையாகத் தேய்த்த பிறகே போல்ட்டை முடுக்கினேன். கைநெம்பை அழுத்திப் பார்த்தால் இழப்பு 0.2 வோல்ட்கூட இல்லை. கரண்ட் 6 ஆம்பியரை ஒட்டி நின்றது. கன்ட்ரோலருக்குக் கொடுத்த காசு வீண்.

படகு டிரெய்லருக்கும் இதே பிரேக்கைப் போடலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். சக்கரத்தோடு உப்புத் தண்ணீரில் இறக்கும் வண்டிக்கு எலெக்ட்ரிக் பிரேக் ஆகாது. டிரெய்லர் முன்னால் முட்டும் விசையிலேயே வேலை செய்யும் ஹைட்ராலிக் பிரேக்தான் சரி.

வியாழன்

விடிகாலையில் ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் கைநெம்பை மட்டும் அழுத்தி, கன்ட்ரோலரின் பலத்தைச் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுவரை ஏற்றி, அங்கிருந்து ஒரு படி குறைத்து வைத்தேன். பிக்கப் பிரேக்கைத் தொடாமலே டிரெய்லர் வண்டியை இழுத்து நிறுத்தியது.

இந்த பிரேக் புதிதல்ல; ஏ.பி. வார்னர் என்பவர் 1927-லேயே அமெரிக்காவில் எலெக்ட்ரிக் பிரேக்குக்கென்றே கம்பெனி தொடங்கினார். ஐரோப்பாவில் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். இங்கே செங்கலும் மணலும் ஏற்றிக்கொண்டு ஓடும் டிராக்டர் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் என்ற பேச்சே இல்லை. பக்கத்தில் பைக்கில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

கடலோரத்தில் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் மழைக்கு முன்னும் பின்னும் சாக்கெட்டைத் திறந்து எர்த் ஊசியைப் பாருங்கள். பச்சை தெரிந்தால் அந்த வயரை மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.