தாலாட்டுக்குக் கிடைத்த பரிசு

பரிசில் பெறுதல் தமிழ்ப் புலவர்க்குப் புதியதன்று. பரிசில் நாடிச் செல்வோரை வழிப்படுத்துவதற்கென ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே நம் மொழியில் எழுந்தது. மன்னனைப் பாடியவர்க்குப் பொன்னும் தேரும் யானையும் கிடைத்தன. தொட்டிலருகே அமர்ந்து குழந்தையைப் பாடிய தாய்க்கு யார் பரிசில் தந்தார்? இவ்வினாவை நம் உள்ளத்தில் எழுப்பிய ஒரு செய்தியையும், அச்செய்தி நம் இல்லத்துப் பழம்பிழை ஒன்றை நமக்கு உணர்த்திய வகையையும் இம்மலர் வாயிலாகப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

குழந்தையின் உள்ளமும் அறிவும் படிப்படியாக வளரும் திறத்தை ஆராயும் துறை வளர்ச்சி உளவியல் எனப்படும். நோபல் பரிசுகளுள் உளவியலுக்கெனத் தனிப்பரிசு இல்லை. எனினும் இத்துறையில் சிறந்தோரை உலகம் மறந்துவிடவில்லை. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ழான் பியாஜே, தம் மக்கள் மூவரையும் கைக்குழந்தைப் பருவம் முதலே உற்றுநோக்கிக் குறிப்பெழுதியவர். அவருக்கு 1972இல் எராஸ்மஸ் பரிசும், 1979இல் பால்சான் பரிசும் கிடைத்தன. மேரி எயின்ஸ்வொர்த் அம்மையார் 1950களில் உகாண்டா நாட்டில் வீடுதோறும் சென்று, தாயும் சேயும் பழகும் பாங்கைக் கண்டெழுதினார். அவருக்கும், தாய் சேய்ப் பிணைப்புக் கொள்கையை வகுத்த ஜான் பௌல்பிக்கும் அமெரிக்க உளவியல் கழகம் 1989இல் தன் உயரிய அறிவியல் விருதை அளித்தது. பேரரங்குகளில் போற்றப்பெற்ற இவ்வாராய்ச்சிகள், வீட்டுக்குள் குழந்தையின் அருகே அமர்ந்து தொடங்கப்பெற்றவை என்பது கருதத்தக்கது.

இவ்வரிசையில் நம் கருத்தைக் கவர்ந்தது யிடான் பரிசு. ஹாங்காங்கில் 2016இல் சார்லஸ் சென் யிடான் என்பவரால் நிறுவப்பெற்ற இது, கல்வி ஆராய்ச்சிக்கு ஒன்றும் கல்வி வளர்ச்சிப் பணிக்கு ஒன்றுமாக வழங்கப்படுவது. ஒவ்வொன்றும் 3 கோடி ஹாங்காங் டாலர் மதிப்புடையது. அதிற் பாதி, பரிசு பெற்றவரின் பணி தொடர்வதற்கே ஒதுக்கப்படுகின்றது. 2019இல் வளர்ச்சிப் பணிக்கான பரிசு, வங்கதேசத்துச் சிற்றூர்களில் பள்ளிகள் கண்ட பிராக் நிறுவனத்தின் தந்தை ஃபசுலே ஹசன் ஆபேத் அவர்களுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஆராய்ச்சிக்கான பரிசைப் பெற்றவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் உஷா கோஸ்வாமி. இவர் ஆராய்ந்த பொருள், எழுத்தறிவுக்கும் தாளத்திற்கும் உள்ள உறவு.

அறிவில் குறைவில்லாத சில குழந்தைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பதில் மட்டும் பெரிதும் இடர்ப்படுவர். இதனை டிஸ்லெக்சியா என்பர். இது கண்ணின் கோளாறு என்றே பலரும் எண்ணியிருந்தனர். கோஸ்வாமியோ செவிவழி கேட்ட பேச்சை மூளை வாங்கும் முறையை ஆராய்ந்தார். நாம் பேசும்போது ஒலி அலையலையாக எழுந்து தாழ்கின்றது. ஒவ்வோர் அசையிலும் ஒலி எழும் வேகத்தை நுண்ணிதின் உணர்வதில் இக்குழந்தைகள் பலருக்குத் தடையுண்டு என்று அவர் கண்டார். ஆங்கிலம், ஸ்பானியம், சீனம் எனத் தம்முள் வேறுபட்ட மொழிகளைப் பேசும் குழந்தைகளிடத்தும் இத்தடை காணப்பட்டது. தாளத்திற்கேற்பக் கைதட்டுவதிலும் இத்தகையோர் பலர் பிந்துவர். அசையைப் பிரித்துணர முடியாத செவிக்கு, அதனுள் அடங்கிய எழுத்தொலியைப் பிரித்துணர்தல் அதனினும் அரிதன்றோ?

அவர்தம் குழுவினரின் மற்றோர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. பாட்டுப் பாடும் ஆசிரியை ஒருவரின் காட்சியைக் கைக்குழந்தைகளுக்குக் காட்டி, நான்கு, ஏழு, பதினொரு திங்கள் அகவைகளில் அவர்தம் மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவுசெய்தனர். தனித்தனி எழுத்தொலிகளை மூளை ஓரளவு தெளிவாக வாங்கத் தொடங்குவது ஏறத்தாழ ஏழாம் திங்களில்தான் என்பது அதன் முடிவு. அதற்கும் முன்னரே குழந்தைக்கு மொழியின் வாயிலைத் திறந்துவிடுவது பாட்டின் தாளம். ஆதலின் குழந்தையோடு பேசுங்கள், இயன்றவரை பாடுங்கள் என்று பெற்றோர்க்கு அவர் அறிவுரை கூறுகின்றார்.

இச்செய்தியைப் படித்த இரவில் நமக்கு உறக்கம் வரவில்லை. நினைவு நம் சொந்த ஊராகிய கோட்டைப்பட்டினத்திற்குச் சென்றது.

நமக்கு இளையவர் ஒருவர். கடலின் நிறம் கண்டு காற்றைச் சொல்லுவார். பழுதான விசைப்படகு எஞ்சினின் ஓசை கேட்டே குறை இன்னதென்பார். பள்ளியில் மட்டும் அவருக்கு ஏடு திறக்கவில்லை. ஐந்தாம் வகுப்பிலும் ஒரு வரியை முழுதாக வாசிக்க மாட்டார். ஆசிரியர் ஒருவர் அவருக்கு 'மக்கு' என்று பெயரிட்டார். வகுப்பு முழுதும் அப்பெயரையே வழங்கியது. அந்த ஆசிரியரை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. அந்நாளில் தமிழிலக்கியம் பயிலத் தொடங்கியிருந்த நாமும் அவரை அருகிருத்தி வாசிக்கச் சொல்லிக் கடிந்தோம், கையும் ஓங்கினோம்.

ராவுத்தர் அப்பா தர்காவின் கந்தூரி நாள்களில் பக்கீர்கள் தாயிரா அடித்துப் பாடுவர். சிறுவர்கள் சூழ நின்று கைதட்டுவர். தம்பியின் கைதட்டல் எப்பொழுதும் அரைக்கணம் பிந்தியே ஒலிக்கும். அனைவரும் சிரிப்பர், நாமும் சிரித்தோம். சில ஆண்டுகளில் அவர் கையைத் தட்டாமல் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டார். படகுக்குச் சென்றார், பின்னர் வளைகுடா நாடு சென்றார். பிறர் வீடுகளுக்குக் கடிதம் வரும். நம் வீட்டிற்கு ஒலிநாடா வரும். "உம்மாவுக்கு இரண்டு வரி எழுதவும் சோம்பலா?" என்று நாம் கேட்டோம். அடுத்த ஒலிநாடாவில் விடை வந்தது: "காக்கா, எழுதச் சொல்லி மட்டும் கேட்காதீங்க. பேசச் சொல்லுங்க, விடிய விடியப் பேசுறேன்." அவர் நமக்குச் சொல்ல முயன்றது இன்னதென்பதை உணர்ந்துகொள்ள ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

இதிற் கொடிது, நாம் அறிந்தும் அறியாதிருந்தமை. ஆண்டுதோறும் மாணவர்க்குப் பிள்ளைத்தமிழ் கற்பிக்கின்றோம். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி என அடுக்கிச் சொல்கின்றோம். நபிகள் நாயகத்தையும் இறைநேசர்களையும் குழந்தைகளாகக் கண்டு இசுலாமியப் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ்களிலும் இப்பருவங்கள் உண்டு என்று பெருமை பேசுகின்றோம். தால் என்பது நா. நாவை அசைத்துப் பாடும் பாட்டே தாலாட்டு. சப்பாணி என்பது குழந்தை கைகொட்டும் பருவம். யாப்பிலக்கணமோ அசையிலிருந்தே சீரைக் கட்டுகின்றது. இத்தனையும் கற்பித்த நாம், சப்பாணி பிந்திய ஒரு பிள்ளை நம் வீட்டிலேயே நின்றதைக் கண்டோமில்லை.

'இவையெல்லாம் நம் முன்னோர் அன்றே கண்டவை' என்று மார்தட்டுதல் எளிது. நாம் அதற்கு உடன்படோம். பிள்ளைத்தமிழ்ப் புலவர் கண்டது குழந்தையின் அழகு. கோஸ்வாமி அளந்தது அதன் செவி. நம் யாப்பின் அசையும் அவர் ஆராயும் அசையும் முற்றிலும் ஒன்றல்ல. அழகைப் பாடியதோடு நாம் நின்றோம். அளந்து, ஐயுற்று, மீண்டும் அளந்தவர்க்குப் பரிசு சென்றது. அது முறையே.

மற்றொன்றும் கூறல் வேண்டும். நம் உம்மா எங்கள் இருவருக்கும் ஒரே குரலில், ஒரே தொட்டிலில்தான் தாலாட்டுப் பாடினார். எனவே இது தாயின் குறையன்று, தம்பியின் சோம்பலுமன்று. ஒலியை வாங்கும் முறையில் சில பிள்ளைகளுக்கு இயல்பிலேயே அமைந்த வேறுபாடு. தாளம் பிந்துவோர் எல்லாரும் இத்தகையோர் ஆகார். தம்பியையும் எவரும் முறைப்படி சோதித்ததில்லை. ஆயினும் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே எவர்க்கும் தோன்றாமையன்றோ நம் குற்றம்? 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தாய்மார்க்கு எழுத்தும் மிதிவண்டியும் கற்பித்துப் புகழ்பெற்றது. அதே காலத்தில் பள்ளிக்குள் அமர்ந்திருந்தும் எழுத்து எட்டாத பிள்ளையை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது. சட்டம் வந்துவிட்டது, வகுப்பறையிலிருந்து 'மக்கு' என்னும் சொல் இன்னும் போகவில்லை.

நம் துறையில் பயின்று வெளியேறும் மாணவ மாணவியருள் பலர் ஆசிரியராவர்; அனைவரும் பெற்றோராவர். அவர்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. கடலோர ஊர்களில் நம் பாட்டிமார் நாவில் எஞ்சியுள்ள தாலாட்டுகளைத் தொகுங்கள். தொகுத்ததை ஏட்டில் பூட்டிவிடாமல் தொட்டிலருகே பாடுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளையைக் கண்டால், பெயர் சூட்டுமுன் அதன் செவியையும் கைதட்டலையும் சற்றே கவனியுங்கள். உரியவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தம்பியின் மகள் இவ்வாண்டு இரண்டாம் வகுப்பு. அண்மையில் ஒரு திருமண வீட்டில் பெண்கள் பாட, அச்சிறுமியும் கைதட்டினாள். அரைக்கணம் பிந்தியே ஒலித்தது. இம்முறை நாம் சிரிக்கவில்லை. அருகிருத்தி, அவள் கையைப் பிடித்து உடன் தட்டினோம். அடுத்த திங்கள் தக்க நிபுணரிடம் அழைத்துச் செல்ல உள்ளோம்.

இம்மலர் அச்சேறி வந்ததும் தம்பிக்கும் ஒரு படி சேரும். அவர் இதனை வாசிக்க இடர்ப்படுவார் என்பதை அறிவோம். ஆதலின் இக்கட்டுரை முழுவதையும் நம் குரலிலேயே பதிவுசெய்து அனுப்ப உள்ளோம். அவர் அனுப்பிய அத்தனை ஒலிநாடாக்களுக்கும் நாம் கடன்பட்ட விடை அதுவே.