பந்தி வஞ்சனை

கல்யாணச் சாப்பாடு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும், ஒரு பந்திக்கு நெய், அடுத்த பந்திக்கு வெறும் பருப்பு என்றால் ஊர் வெகுநாள் மறக்காது. கம்ப்யூட்டருக்கு உத்தரவிடும் பாஷைகளிலும் இந்த வஞ்சனை உண்டு என்பதை, என் பெண்ணின் ஜாவா பாடத்தை எட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். கணக்கை இண்டர்மீடியட்டோடு விட்டவன் நான். ஆனாலும் பாஷை என்று வந்துவிட்டால் மூக்கை நுழைக்காமல் இருக்க முடிவதில்லை.

1995-ல் வெளியான ஜாவாவில் முழு எண், தசம எண் முதலிய எட்டு வகைகள் பாஷையோடு கூடப் பிறந்தவை. மற்றவை பின்னால் ஆக்கிக்கொண்டவை. கூடப் பிறந்த எண்களுக்கு '+' என்ற குறி போதும். மற்றவற்றுக்கு அது கிடையாது. முதல் எண்ணைக் கூப்பிட்டு, 'இரண்டாவதை உன்னோடு சேர்த்துக்கொள்' என்று விண்ணப்பம் போடவேண்டும். எழுத்துச் சரம் அந்த எட்டில் ஒன்றல்ல. இருந்தும் அதற்கு மட்டும் அந்தக் குறி இனாம். சம்பந்தி வீட்டார் போலிருக்கிறது!

அழகைப் பற்றிய புகார் என்று தள்ளிவிடாதீர்கள். கூடப் பிறந்த தசம எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. யந்திரம் இரண்டின் அடுக்குகளில் எண்ணுவதால் பத்தில் ஒன்று அதற்குச் சரியாக அகப்படுவதில்லை. சாதாரண முழு எண்ணோ, 2147483647-உடன் ஒன்று சேர்த்தால் சத்தமில்லாமல் கழித்தல் பக்கம் போய் விழுகிறது. ரூபாய் பைசாவைப் பிசகாமல் பார்க்க பிக்டெசிமல் என்று ஒரு வகை இருக்கிறது. அதற்குத்தான் கூட்டல் குறி இல்லை! ஒரு வரி வட்டிக் கணக்கை அதில் எழுதிவிட்டு, "இது கணக்கா, மனுவா, அப்பா?" என்று கேட்டாள் பெண். அவசரக்காரன் எந்த வழியில் போவான் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எட்டுக்குத் தனிச் சலுகை வேகத்துக்காக. குறியை மற்றவர்களுக்குத் தராதது, சி பிளஸ் பிளஸ் பாஷையில் ஆளுக்கொரு அர்த்தம் வைத்துக் குழப்பியதைக் கண்ட பயத்தால். நியாயம்தான். ஆனால் பயந்தவர்கள் தங்கள் வீட்டுச் சரத்துக்கு மட்டும் ஏன் கொடுத்தார்கள்?

ஜாவாவின் இலக்கண நூலை எழுதியவர்களில் ஒருவரான கை ஸ்டீலே 1998-ல் இதைப் பேசினார். ஆங்கிலத்தின் ஓரசைச் சொற்களை மட்டும் மூலதனமாகக் கொண்டு ஆரம்பித்தார். நீண்ட சொல் எதையும் முதலில் அர்த்தம் சொல்லிவிட்டே உபயோகித்தார். ஆக்கிய சொல்லும் மூலச் சொல்லும் சரிசமமாக நடமாட வேண்டும் என்பது அவர் கட்சி. தான் ஆக்கும் வகைகளுக்கும் குறிகள் வேண்டுமென்று கேட்டார். அதற்குப் பின் ஜாவாவில் எத்தனையோ புதுமைகள் வந்துவிட்டன. 25 ஆண்டுகள் கழிந்தும் பிக்டெசிமல் மட்டும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தது.