கீரைக்கு வெட்கப்பட்டேன்

2018 ஜனவரியில் ஒருநாள், ஈப்போவில் ஓர் உணவியல் அதிகாரியின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நான் பொய் சொன்னேன். என் அம்மா என்ன சாப்பிடுகிறார் என்பதைப் பற்றிய பொய் அது. அம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

அம்மாவுக்கு அப்போது 76 வயது. அதற்கு முந்தைய தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம் நெஞ்சுவலி வந்து, மாரடைப்பு என்று சொல்லி மருத்துவமனையில் சேர்த்து, வீடு திரும்பியிருந்தார். இனிப்பு நீரும் இரத்தக் கொதிப்பும் ஏற்கெனவே இருந்தன. அந்த அதிகாரி இளம் மலாய்ப் பெண். மேசையில் பிளாஸ்டிக்கில் செய்த சோற்றுக் குவியல், மீன், கோழிக்கால் எல்லாம் வைத்திருந்தார். "நேற்று விடிந்ததிலிருந்து ஆண்டி என்னென்ன சாப்பிட்டாங்க, சிக்கு?" என்று மலாயில் கேட்டார். நான் ஆசிரியர் என்று அட்டையில் பார்த்திருப்பார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். காலையில் இரண்டு தோசை, சீனி போடாத தேநீர். மதியம் கொஞ்சம் சோறு, மீன், காய்கறி. இரவில் சப்பாத்தி. அவர் "பாகுஸ்" என்று பாராட்டி எழுதிக்கொண்டார்.

முந்தின நாள் அம்மா உண்மையில் பசியாறியது இரண்டு ரொட்டி சானாய், ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு தே தாரிக். மதியம் பிரியாணி. மாலையில் வடை. இரவு பொட்டலத்தில் வந்த மீ கோரேங். அத்தனையும் நான் வாங்கிக் கொடுத்தவை. அம்மா தோட்டத்துக் கடையில் மலாய் பேசிப் பழகியவர். நான் சொன்னது முழுக்க அவருக்குப் புரிந்தது. என் முகத்தைப் பார்த்தார். திருத்தவில்லை. காரில் ஏறிய பிறகுதான் கேட்டார்: "ஏன்யா அப்படிச் சொன்ன?"

"சும்மா இருங்கம்மா. உண்மையைச் சொன்னா ஏசுவாங்க" என்றேன்.

ஏச்சுக்குப் பயந்தது பாதிதான். என் வகுப்பறைச் சுவரில் 'சுக்கு சுக்கு செப்பாரோ' படம் ஒட்டியிருந்தது. சுகாதார அமைச்சின் அந்தத் தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, மீதிப் பாதி காயும் பழமும். நாலாம் ஆண்டுப் பிள்ளைகளை அதை வரையச் சொல்லி நட்சத்திரம் போட்டவன் நான். என் வீட்டுத் தட்டு அப்படி இல்லை என்று இன்னொருவர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் என் தவறு அந்த மேசையில் தொடங்கியதல்ல. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், தம் நிரையில் ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டி, மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, வாளிகளைக் காண்டாவில் சுமந்து நிறுவைக்கு வருவார். லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கை, பசலை, பொன்னாங்கண்ணி, பூசணி எல்லாம் இருந்தன. பிற்பாடு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். 1989இல் நாங்கள் ஈப்போ தாமான் வீட்டுக்கு வந்தோம். நான் சம்பளக்காரன். வீட்டின் வரவேற்பறைக்கு டைல்ஸ் போட்டேன்.

2003 என்று நினைவு. ஒரு சனிக்கிழமை என் தலைமையாசிரியர் குடும்பத்தோடு வீட்டுக்கு வருவதாக இருந்தது. வாசல் திண்ணையில் அம்மா பழைய நாளிதழை விரித்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ரயில் பாதையோரத்து மரத்தில் ஒடித்து வந்தது. காம்பை இடது கையில் பிடித்து, வலது கை விரல்களுக்கு நடுவே ஒரே இழுப்பில் இலையை உதிர்ப்பார். இலை பச்சைத் தூறல் போலத் தாளில் விழும். பழுத்த இலையைப் பார்க்காமலே விரல் ஒதுக்கிவிடும். நான் அந்தத் தாளை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டினேன். வாசல் குப்பைத் தொட்டியில் போட்டேன். "ரோட்டோரத்துல ஒடிச்சிக்கிட்டு வர்றீங்க, நாலு பேர் என்ன நினைப்பாங்க? நான் வாங்கித் தர மாட்டேனா?" என்றேன்.

அம்மா கையைத் தட்டிக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அதன் பிறகு எங்கள் வாசலில் கீரை உருவியதே இல்லை.

கீரையும் பருப்பும் கெம்போங் மீனும் என் கண்ணுக்கு இல்லாதவர் சாப்பாடு. ஆட்டுக்கறி, நெய்ச்சோறு, தேங்காய்ப்பால் முதற்பால் குழம்பு, கடைப் பொட்டலம் ஆகியவைதான் நாங்கள் முன்னேறியதற்குச் சாட்சி என்று எண்ணினேன். ஆசையாகவே வாங்கிக் கொடுத்தேன் என்பது உண்மை. என் கௌரவத்துக்காகவும் வாங்கினேன் என்பதும் உண்மை.

தோட்டத்துச் சாப்பாடு எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. கருவாட்டில் இருந்த உப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெள்ளை அரிசிச் சோற்றை மலையாகக் குவித்துத்தான் சாப்பிட்டோம். ஆனால் அந்தச் சோற்றைக் கரைக்க ஐந்நூறு மரம் இருந்தது, மேடு பள்ளம் இருந்தது. தாமானுக்கு வந்ததும் உடல் உழைப்பு நின்றது. சோறு அதே அளவில் தொடர்ந்தது. கீரை போய் அந்த இடத்தில் எண்ணெய் வந்தது. நம் ஆட்களின் உடம்பில் நடந்ததை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியவில்லை.

2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. இனிப்பு நீர் உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதல். இந்த நாட்டில் உயிரைப் பறிக்கும் நோய்களில் இதய நோய்தான் முன்வரிசையில் நிற்கிறது. அந்தக் கணக்கில் என் வீடும் இருக்கிறது.

அம்மா 2019 டிசம்பரில் இரண்டாவது மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வயது, பரம்பரை, இனிப்பு நீர் எல்லாம் சேர்ந்ததுதான் காரணம் என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவருக்கு நான் சொன்ன பொய் தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண் அதிகாரி அன்றைக்கே எதை நிறுத்த வேண்டும், எதைக் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார். அம்மா இன்னும் எத்தனை காலம் இருந்திருப்பார் என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த வாய்ப்பை அவரிடமிருந்து பிடுங்கியவன் நான்.

அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை. 2022இல் எனக்குக் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று மாத்திரை கொடுத்தார்கள். பாதி நாள் விழுங்கவில்லை. 2024இல், பணி ஓய்வு பெற்ற ஆண்டிலேயே, அடைப்பை நீக்கி என் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். இதில் விலை கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. பசியாற இரண்டு தோசை, பருப்பும் காயும் நிறையப் போட்ட சாம்பார். ரொட்டி சானாய் மாதத்தில் ஒரு நாள். கடையில் 'தே ஓ கோசோங்' கேட்கிறேன். 2019 ஜூலையில் அரசாங்கம் சீனி கூடிய புட்டிப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. தே தாரிக் கோப்பைக்கு வரியும் இல்லை, அளவுச் சீட்டும் இல்லை. அதில் ஊற்றும் டின் பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். அதை நாமே கணக்குப் பார்க்க வேண்டும். கெம்போங் மீனில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா 3 கொழுப்பு இருக்கிறது. அதைப் பொரிக்காமல் புளிக்குழம்பில் போடுகிறோம், வாரம் இரண்டு முறை. முதற்பால் ஊற்றிய இடத்தில் கொஞ்சமாக இரண்டாம் பால். புந்தோங் கச்சாங் பூத்தே கடைக்குப் போனால் முறுக்கை விட்டுவிட்டு அவித்த கொண்டைக்கடலையைக் கேட்கிறேன், உப்பு தூவ வேண்டாம் என்று சொல்கிறேன். சோறு தட்டில் கால் பங்கு. சுவரில் ஒட்டியிருந்த படம் இப்போதுதான் என் தட்டுக்கு வந்திருக்கிறது.

வீட்டுப் பின்புறம் ஒரு முருங்கைப் போத்து நட்டேன். நன்றாகத் தழைத்துவிட்டது. சனிக்கிழமைகளில் வாசல் திண்ணையில் தாளை விரித்து நானே உருவுகிறேன். அம்மாவின் விரல் வேகம் எனக்கு வரவில்லை. போகிறவர் வருகிறவர் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அங்கே கேட்டால், அவரையே பதில் சொல்ல விடுங்கள். அவர் சொல்வது உங்களுக்குத் தலைகுனிவாக இருந்தாலும் குறுக்கே பேசாதீர்கள். நான் பேசினேன்.